வளைந்தது தப்பா?

லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சில வருஷம் முன்புவரை பாதியில் முரண்டு பிடிக்கும். டிரைவர் தயார், வைஃபை கார்டுக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர்தான் இல்லையாம். எங்கே கிடைக்கும்? இன்டர்நெட்டில். இன்டர்நெட்டுக்கு? வைஃபை வேண்டும்!

எல்லாம் கொள்கை செய்த வேலை. 'எங்களுடையது முழுக்கக் கட்டற்ற மென்பொருள்' என்று 1997-ல் டெபியன்காரர்கள் எழுதிவைத்த வாக்கு. கார்டு கம்பெனிகளோ ஃபர்ம்வேரின் சோர்ஸ் கோடைக் காட்டுவதாக இல்லை. நடுவில் தவித்தது நாம்தான்.

2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி, அந்த வாக்கையே திருத்தினார்கள். 2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து ஃபர்ம்வேரும் கூடவே வருகிறது.

கொள்கையை விற்றுவிட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதை ஏற்றினோம் என்று சொல்கிறார்கள். வேண்டாமென்றால் தடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். நாமும் தினம் வளைகிறோம். சொல்லிவிட்டா வளைகிறோம்?