ஓடாத விளையாட்டுக்குத் துக்கம்

உங்களிடம் இல்லாத ஒரு பொருள். வாங்குகிற உத்தேசமும் கிடையாது. அதை யாரோ ஒருவர் 'இனிமேல் உனக்குத் தர மாட்டோம்' என்று அறிவித்தால் உங்களுக்குக் கோபம் வருமா?

'எனக்கென்ன வந்தது' என்பவர்கள் அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போகலாம். மற்றவர்கள் என்னோடு ராசிபுரம் வரை வாருங்கள்.

அங்கே என் அக்கா மகன் இருக்கிறான். லினக்ஸ் பைத்தியம். அதிலும் விசேஷ ரகம், லினக்ஸில் விளையாட்டு ஆடுகிற பைத்தியம். கையில் இருப்பது அவனுடைய அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15-ல் ஆரம்பித்த அந்த இலவசத் திட்டத்தின் பெட்டிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது, 2007-ல் வெளிவந்தது. பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸ் வாசல் வழியாகவே போய் வந்தார்கள். இவன் மட்டும் பக்கத்து வாசலில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான். பார்த்தவன் திரும்பவில்லை.

லினக்ஸில் விளையாட்டு என்பது ஏன் ஒரு சமாச்சாரம் என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டு விண்டோஸ் பாஷைதான் பேசும். லினக்ஸுக்கு அது புரியாது. நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷியின் பெயர் வைன். (பையன் போனில் நண்பனிடம் 'நேத்து ராத்திரி வைன் போட்டேன்டா' என்று சொல்லப் போய், அப்பத்தா வீட்டையே இரண்டாக்கிவிட்டாள்.) 1993-ல் தொடங்கிய வேலை, 1.0 என்று எண் போட்டு வெளியிட 2008 ஆயிற்று. பதினைந்து வருஷம்! அப்புறம் பிலிப் ரெபோலே என்றொருவர், 'நியர் ஆட்டோமேட்டா' என்கிற ஒரே ஒரு விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்கிற ஆசையில் படம் வரைகிற பகுதிக்கு ஒரு துபாஷியை எழுதினார். வால்வ் கம்பெனி அதையும் வைனையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்று வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கைப்பெட்டியையே விற்க ஆரம்பித்தது. ஒரு மனிதரின் விளையாட்டு ஆசை எங்கே போய் நின்றது பாருங்கள்.

நம் பையனுக்கு ஒவ்வொரு அப்டேட்டும் திருவிழா.

"மாமா, புரோட்டான் புதுசு வந்திருச்சுங்க. இன்னும் நாலு கேம் ஓடுமாமுங்க."

"உன் மெஷின்ல ஓடுமாடா?"

"என்றதுல ஓடாதுங்க. ஆனா ஓடுமுங்க."

இந்தப் பதிலில் ஏதோ வேதாந்தம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. சிரித்துவிட்டேன்.

2024 அக்டோபர் 31. தீபாவளி. அன்றைய தேதியில்தான் 'அபெக்ஸ் லெஜெண்ட்ஸ்' என்கிற துப்பாக்கி விளையாட்டின் கம்பெனி, லினக்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு இனி அனுமதி இல்லை என்று அறிவித்தது. 2022-ல் திறந்த கதவு. காரணம், ஏமாற்றுக்காரர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்பது. பையன் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தான். அவன் ஒரு நாளும் அந்த விளையாட்டை ஆடியதில்லை. அவனுடைய பெட்டியில் அது மூச்சுக்கூட விடாது.

"ஓடாத விளையாட்டுக்கு என்னடா துக்கம்?" என்றேன்.

"அது ஓடாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா மாமா? நாளைக்கு வேற நல்ல மெஷின் வாங்கினா ஓடும்னு இருந்துச்சுங்க. இப்ப என்ன மெஷின் வாங்கினாலும் ஓடக் கூடாதுன்னு ஒருத்தன் சொல்லிட்டானுங்க."

முடியாது என்பது வேறு, கூடாது என்பது வேறு. கையில் காசில்லாமல் ஓட்டலுக்குள் போகாதவனும், வாசலிலேயே நிறுத்தப்பட்டவனும் அன்று ராத்திரி ஒரே மாதிரி பட்டினிதான். ஆனால் இரண்டு பசியும் ஒன்றா? நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாமக்கல் பட்டறைகளை நினைத்துக்கொண்டேன். லாரி கம்பெனியிடம் சேசிஸ் வாங்குகிறோம். அதைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தி, நம் சரக்குக்குத் தக்க பாடி கட்டுகிறோம். டிரைவர் படுக்க எவ்வளவு இடம், சாமி படத்துக்கு எந்த மூலை, பக்கப் பலகை எவ்வளவு உயரம், எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டு ஓனர் இஷ்டம். சேசிஸ் விற்ற கம்பெனி நடுராத்திரியில் செட்டுக்குள் வந்து 'நீ இந்தப் பட்டறையில் பாடி கட்டியதால் இனிமேல் நான்குவழிச் சாலையில் போகக் கூடாது' என்று சாவியைப் பிடுங்கினால் சங்ககிரியில் என்ன நடக்கும்? கற்பனை செய்து பாருங்கள். மென்பொருளில் அதற்குப் பெயர் அப்டேட்.

இங்கே நான் கம்பெனிக்காரன் பக்கமும் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஏமாற்றுக்காரர்கள் நிஜம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருப்பவனைத் திருட்டு நிரலால் பார்த்துச் சுடுகிறவனோடு ஆடுவது ஆட்டமே இல்லை. ஒழுங்காக ஆடுகிற ஆயிரம் பேரின் மாலைப்பொழுதை அவன் திருடுகிறான். அதைத் தடுக்கக் காவல்காரன் வேண்டும். விண்டோஸில் அந்தக் காவல்காரனை கெர்னல் வரைக்கும், அதாவது கர்ப்பகிரகம் வரைக்கும் உட்கார வைக்கலாம். லினக்ஸில் கர்ப்பகிரகத்தையே வீட்டுக்காரன் இடித்துக் கட்டலாம். அதுதான் லினக்ஸின் பெருமை. அதுவே காவல்காரனின் தலைவலி. தன் வீட்டை முழுக்கத் தானே ஆளுகிறவனை நான் எப்படி நம்புவது என்கிறது கம்பெனி. நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

கிராமத்துக் கபடிப் போட்டியில் எடை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் தராசு மைதானத்தில் இருக்கிறது. அம்பயர் நம் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டு 'நீ என்ன சாப்பிடுகிறாய் என்று பார்க்க வேண்டும்' என்றால் சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் கபடியை விடுவார்கள். விட்டவர்கள் எல்லாரும் எடையில் ஏமாற்றுகிறவர்கள் என்று சொல்வது மட்டும் அக்கிரமம்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற பிடிவாதக்காரர் 2012-லேயே இதன் இன்னொரு பக்கத்தை எழுதிவிட்டார். ஸ்டீம் லினக்ஸுக்கு வரப்போகிறது என்று எல்லோரும் குதித்தபோது, உள்ளே பார்க்க முடியாத, பூட்டுப் போட்ட விளையாட்டு லினக்ஸில் ஓடினாலும் பூட்டுதானே என்பது அவர் வாதம். அதனால் சிலர் லினக்ஸுக்கு வருவார்கள், அது லாபம் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் வந்தவர்கள் கற்றுக்கொள்வது விடுதலையையா, வெறும் சௌகரியத்தையா என்று கேட்கிறார். பையனிடம் இதைச் சொன்னேன்.

"அவரு கேம் ஆட மாட்டாருங்களா மாமா?" என்றான். மடக்கிவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

எனக்கென்னவோ ஸ்டால்மன் பக்கம்தான் கணக்கு சாய்கிறது. 'ராக்கெட் லீக்' 2020 மார்ச்சில் லினக்ஸ் ஆதரவை நிறுத்தியது. சரி, லினக்ஸ்காரர்கள் சிறுபான்மை என்று விடுவோம். 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டை 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தி ஒரேயடியாக மூடினார்களே, அதில் விண்டோஸில் காசு கொடுத்து வாங்கினவர்களுக்கும்தான் கதவு சாத்தியது. கூடாது என்கிற வார்த்தை சாதி பார்ப்பதில்லை. முதலில் ஓரத்தில் இருப்பவனிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மறுபக்கம், 'டூம்' இருக்கிறது. 1993-ல் வந்த விளையாட்டு. 1997-ல் அதன் மூலநிரலை வெளியே விட்டார்கள், விட்டது லினக்ஸ் வடிவத்தை. இன்றைக்கும் எந்த டப்பாவிலும் எவனாவது அதை ஓட வைத்துக்கொண்டிருக்கிறான். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்து, "அப்ப உனக்குன்னு இருக்கறதை ஆடேன்" என்றேன். அவனுடைய பெட்டியில் ஓடுகிற, யாரும் பிடுங்க முடியாத விளையாட்டுகள் இல்லாமலில்லை. 'சூப்பர்டக்ஸ்கார்ட்' இருக்கிறது. தன்னார்வலர்கள் உருவாக்கிய '0 ஏ.டி.' இருக்கிறது, அதில் மௌரியர்களின் யானைப்படைகூட உண்டு. யானைகள் அதிகமானால் பெட்டி திணறும்.

"அதுவும் ஆடறேனுங்க. அதுக்கும் புதுசு ஒண்ணு எறங்கிட்டு இருக்குது. ஆனா மாமா, எல்லாரும் ஆடறதை நானும் ஆடோணும்னு இருக்காதுங்களா?"

இருக்கும். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. திரையில் நாற்பத்து மூன்று சதவீதத்தில் நின்றது. அவனுடைய நெட் தீர்ந்துவிட்டது.

"உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போடுங்க மாமா."

போட்டேன்.