பனை வைத்தவன் கணக்கு

"இதனால நமக்கு என்ன பலன்?" தொண்டூழியத்துக்கு ஆள் சேர்க்கும்போது நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். படிப்பு, வேலை, தேசிய சேவை எல்லாம் போக மிஞ்சுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் நாலு பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தரக் கொடு என்றால் யோசிக்கத்தானே செய்வாங்க?

பலன் என்ற சொல்லே பழத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததுதான். ஆகவே மரங்களையே கேட்டுப் பார்ப்போம். தேக்கா சந்தையில் நாம் வாங்கும் வாழை ஏறக்குறைய ஓராண்டில் குலை தள்ளும். ஒட்டு மாங்கன்று 3, 4 ஆண்டில் காய்க்கும். கொட்டையிலிருந்து முளைத்த மா என்றால் 5 முதல் 8 ஆண்டு. நெட்டைத் தென்னைக்கு 6, 7 ஆண்டு. பனைக்கோ 12 முதல் 20 ஆண்டு வரை ஆகும். "தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்" என்பார்கள் ஊரில். அப்படித் தெரிந்தும் பனை வைத்தார்கள். காரணம், அவர்கள் குடித்த பதநீர் வேறு யாரோ வைத்த பனையிலிருந்து வந்தது.

அப்படியென்றால் பொறுமையாக இருந்தால் போதுமா? போதாது. நாம் கடைக்குப் போகும் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் 1840-களில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன. ஜாதிமரம் காய்க்க 7 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆண்மரமா பெண்மரமா என்பதே பூத்த பிறகுதான் தெரியும். அவ்வளவு காலம் காத்திருந்து வளர்த்த தோட்டங்கள் 1850-களில் பரவிய நோயால் அழிந்தன. இன்று சாலையின் பெயர்தான் மிச்சம். உழைத்தால் பலன் நிச்சயம் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

கீதையின் கர்மயோகம் இங்கேதான் புரிகிறது. பலனில் பற்று வைக்காதே என்றால் "எப்படியோ போகட்டும்" என்று விடுவதில்லை. பனங்கொட்டை ஊன்றியவர் நுங்குக்கு ஆசைப்படவில்லை. ஆனால் ஆடு கடிக்காமல் முள்வேலி போட்டார். பழம் எனக்கு வேணும் என்பது பற்று. கன்று பிழைக்கணும் என்பது கடமை.

எங்கள் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். "நிறுத்திடலாமா?" என்ற பேச்சும் எழுந்தது. நிறுத்த வேண்டாம், ஆனால் இப்படியே நடத்தவும் வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று பெற்றோரிடம் கேட்போம். நேரத்தை மாற்றுவோம், பாட்டோடு பொருளும் சொல்வோம். அதுதான் நம் வேலி.

இதில் எந்தப் பிள்ளை பின்னாளில் பாடும், எது பாடாது என்று இப்போது சொல்ல முடியாது. பனையிலும் ஆண்மரம் காய்ப்பதில்லை. ஆனால் அதுவும் பதநீர் தருகிறது.

வருகிற ஞாயிறு ஒரு மணி நேரம் கொடுங்க. நுங்கு யாருக்கோ கிடைக்கட்டும்.