வித்தா என்ன?

போன மே மாதம், பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மதியம், எதிர்வீட்டு அக்காவின் பேரனுக்குப் பிறந்தநாள் கேக் அலங்கரித்துக்கொண்டிருந்தேன். வெண்ணெய் கால் கிலோ, ஐசிங் சுகர் அரைக் கிலோ. பீட்டரில் அடித்து முடித்தபோது வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நின்ற கிரீம், பைப்பிங் பையில் போட்டுக் கையில் பிடித்த ஐந்தாவது நிமிஷம் தளர ஆரம்பித்தது. வெண்ணெய் இளக 32, 33 டிகிரி போதும். அந்தச் சூடு உள்ளங்கையிலேயே இருக்கிறது. என் அடுக்களையில் அதற்கு மேலேயே இருந்தது. ஐஸ் தண்ணீரில் கையை முக்கித் துடைத்து, பையைப் பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, மறுபடி பிழிந்தேன். நட்சத்திர நாசிலை நடுவில் வைத்து அழுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துவிட்டால் ஒரு ரோஜா. பதினொன்று ஒழுங்காக நின்றன. பன்னிரண்டாவதை வைத்துவிட்டுத் திரும்பினால், முதல் மூன்றும் ராத்திரி பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மாதிரி ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து கிடந்தன.

கேக்கை வாங்கிப் போக வந்த அக்கா அதையெல்லாம் கவனிக்கவில்லை. "எம்புட்டு அழகாச் செய்யுத! வித்தா என்ன?" என்றார்.

எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்து கிடைக்கும் பத்து நிமிஷத்தில் நான் பையிலிருந்து நூலையும் குரோஷா ஊசியையும் எடுத்தால், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். நல்ல ஊறுகாய் போடுகிறவளிடம், ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறவளிடம், ஒயர் கூடை பின்னுகிறவளிடம் நம் ஊரில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பாராட்டாகத்தான் கேட்கிறார்கள். ஒரு பெண்ணின் கைவேலையைப் புகழ நம்மிடம் இதைவிடப் பெரிய சொல் இல்லை போலும். என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக சனிக்கிழமை ராத்திரி கேரம் ஆடப் போகிறார். நன்றாகவே ஆடுவார். அதை வைத்து நாலு காசு பார்த்தால் என்ன என்று அவரிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் கூடி 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை ஒன்றைச் சேர்த்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் வீட்டில் முதல்முறையாக, "நீ போடுதியே, அதா இது?" என்ற விசாரிப்பு வந்தது. அளக்கிற மாதிரி ஆனதும் மரியாதை வந்துவிட்டது. விலை கேட்பதும் அளக்கிற வேலைதானே.

சரி, விற்றும்தான் பார்த்தேன். மூன்று மாதம்.

2020 ஊரடங்கில் பேக்கரிகள் மூடிக் கிடந்தபோது யூட்யூப் பார்த்துக் கேக் கற்றுக்கொண்ட எத்தனையோ பேரில் நானும் ஒருத்தி. குரோஷா அதற்கு வெகுகாலம் முன்பே கையில் இருந்தது. இரண்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதும் முதல் ஆர்டர் வந்தது. ஒரு யானைப் பொம்மை. ஜப்பான்காரர்கள் அமிகுருமி என்று சொல்கிற, உருட்டிப் பின்னிப் பஞ்சடைத்த பொம்மை. வட்டத்தில் 6 கண்ணியில் தொடங்க வேண்டும். அடுத்த சுற்று 12, அதற்கடுத்தது 18, அப்படியே சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் ஏழாவது சுற்றில் 42. எண்ணிக்கை சரியாக இருந்தால் வயிறு உருண்டு வரும். எனக்கு 41 வந்தது.

முன்பெல்லாம் என்றால் யோசிக்கவே மாட்டேன், பிரித்துவிடுவேன். குரோஷாவில் எனக்குப் பிடித்ததே அதுதான். இரண்டு ஊசி ஸ்வெட்டர் பின்னலில் ஒரு வரிசை முழுக்கக் கண்ணிகள் ஊசிமேல் உயிரோடு நிற்கும். ஒன்று நழுவினால் ஏணி மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகும். குரோஷாவிலோ எந்த நேரத்திலும் ஊசியில் இருப்பது ஒரே ஒரு உயிர்க்கண்ணி. மற்றதெல்லாம் முடிந்துபோனவை. ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால், கடைசியாகப் போட்டது முதலில் என்று பொட்டுப் பொட்டென்று அவிழ்ந்து வரும். அந்தச் சத்தம் காதுக்கு அவ்வளவு கேட்காது, விரலுக்குக் கேட்கும். இரண்டு நாள் வேலை இரண்டு நிமிஷத்தில் மடியில் சுருள் சுருளாகக் கிடக்கும். நூல் அப்படியே இருக்கும். வேறு எந்த வேலையில் தப்பு செய்தால் சாமான் முழுசாகக் கைக்குத் திரும்பி வருகிறது? சாம்பாரில் உப்பு கூடினால் வருமா? அலுவலகத்தில் தப்பாகக் கையெழுத்துப் போட்ட ஃபைல் வருமா?

அன்றைக்கு நான் பிரிக்கவில்லை. பிரித்துத் திரும்பப் போட அரைமணி நேரம் ஆகும். 600 ரூபாய் யானைக்கு, நூல் 160 போக, பதினாலு மணி நேரத்தில் அரைமணிக்கு எவ்வளவு என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அடுத்த சுற்றில் ஒரு கண்ணியைக் கூடுதலாகப் போட்டு ஒப்பேற்றினேன். விலை என்று ஒன்று வந்த பிறகு பிரிப்பது நஷ்டமாகிவிட்டது. வாங்கியவருக்கு அது தெரியப்போவதில்லை. வங்கியில் டோக்கன் நம்பர் 41 வந்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றில் ஏதோ சுருக்கென்கிறது.

அந்த அம்மாள் யானையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கடையில மெஷின்ல போட்டது 150க்குக் கிடைக்குதே" என்றார். 450க்குப் படிந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது. குரோஷாவை அச்சாகக் கையைப் போலப் பின்னித் தள்ளும் எந்திரம் எந்தத் தொழிற்சாலையிலும் ஓடவில்லை. அந்த 150 ரூபாய்ப் பொம்மை உண்மையிலேயே குரோஷா என்றால், அதையும் எங்கேயோ ஒருத்தி உட்கார்ந்து எண்ணி எண்ணித்தான் போட்டிருப்பாள். அவளுக்கு அதில் என்ன கிடைத்திருக்கும்?

என் பாட்டியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நாகர்கோவில் பக்கம் பிறந்தவள். ஏஜென்ட் அம்மா நூல் கொடுத்துவிட்டுப் போவாள், வாரம் ஒருமுறை வந்து டஜன் கணக்கில் எண்ணி வாங்கிப் போவாள். வெள்ளை நூல், கம்பி மாதிரி மெல்லிய ஸ்டீல் ஊசி. பின்ன உட்காருமுன் பாட்டி கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள், தலையில் எண்ணெய் வைக்கமாட்டாள், மடியில் துவைத்த துண்டு விரிப்பாள். நூலில் அழுக்குப் பட்டால் அந்தப் பூவுக்குக் காசு கிடையாது. நான் சின்னவளாக இருந்தபோது, எங்கள் வீட்டில் ஏன் பாட்டி ஒரு லேஸ்கூடப் போட்டு வைக்கவில்லை என்று கேட்டிருக்கிறேன். "இதெல்லாம் வித்துப் பொழைக்க உள்ளது மக்களே" என்றாள்.

அந்த வட்டாரத்தில் லேஸுக்கு நீண்ட கதை உண்டு. 1820களில் லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. இதைப் படித்த ராத்திரி நான் ஊசியைத் தொடவில்லை. அவர்களிடம் போய், "விற்பதற்கல்ல, மனநிறைவுக்காகப் பின்னுகிறேன்" என்று சொன்னால் சிரிப்பார்களா, அடிப்பார்களா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆந்திராவில் கோதாவரிக் கரை நர்சாபூரிலும் குரோஷா லேஸ் பெரிய ஏற்றுமதித் தொழில். ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய்ப் பார்த்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். அடுப்பு வேலை, பிள்ளை வேலை போக நாள் முழுக்கப் பின்னிக்கொண்டிருந்த பெண்களை வியாபாரிகளும், வீட்டு ஆண்களும், ஏன் அந்தப் பெண்களுமேகூட, வீட்டில் சும்மா இருப்பவர்கள் என்றுதான் சொன்னார்கள். லேஸ் ஓய்வு நேர வேலையாம். பொழுதுபோக்குக்கு எதற்குக் கூலி? கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். லாபம் வியாபாரிகளுக்குப் போனது.

ஆக, பொழுதுபோக்கு என்ற சொல்லை நான் ஆசையாகச் சொல்லிக்கொள்ள முடிவதே ஒன்றாம் தேதி சம்பளம் வருவதால்தான். வேறொருத்திக்கு அதே சொல் கூலியைக் குறைக்கும் கத்தரி. இது தெரிந்த பிறகு, 'வித்தா என்ன' என்று கேட்கிறவர்கள்மேல் எனக்கு முன்பு போலக் கோபம் வருவதில்லை. பெண் கையால் செய்கிற எதற்கும் விலை உண்டு என்று யாராவது சொன்னால் நல்லதுதான். இருந்தாலும் நான் இப்போது விற்பதில்லை. மூன்றாவது மாதக் கடைசியில், வீட்டிலிருந்து கேக் விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று தெரியவந்தபோது, பெரிய நிம்மதியாக இருந்தது. பதிவது ஒன்றும் கஷ்டமில்லை. நிறுத்துவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

நூலை நினைத்த நேரத்தில் பிரித்துக்கொள்ளலாம், கேக்கை ஓரளவுக்குத்தான். கிரீம் கோணலானால் பேலட் கத்தியால் வழித்துவிட்டு இன்னொரு தடவை பூசலாம், மூன்றாவது தடவை ஸ்பாஞ்ச் துகள் கிரீமோடு கலந்து வெள்ளைப் பரப்பு முழுக்கச் சிரங்கு வந்த மாதிரி ஆகிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது எழுதுவது. ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து பைப்பிங் பைக்கு இணக்கம். வளைவுகள்தானே. ஓலையில் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே விட்டுவிடுவார்கள். கிரீமில் புள்ளி வைப்பதுதான் சுலபம், பையை லேசாக அழுத்தி எடுத்தால் முத்து மாதிரி நிற்கும். அரைக் கிலோ கேக் ஆறு அங்குல அகலம். 'பிறந்தநாள்' மேல்வரி, 'வாழ்த்துகள்' கீழ்வரி. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று தமிழாசிரியர்கள் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறார்கள். ஆறு அங்குலத்தில் அந்த 'க்' நுழைய இடம் கிடையாது. என் கேக்குகளில் இதுவரை இலக்கணப் பிழை வந்ததில்லை.

இவ்வளவும் செய்து வைத்தால் மெழுகுவத்தியை ஊதிய மறுநிமிஷம் 'பிற'வுக்கும் 'ந்த'வுக்கும் நடுவே கத்தி இறங்கும். கால் மணி நேரத்தில் அட்டையில் கிரீம் தீற்றல்தான் மிச்சம். ஆரம்பத்தில் வருத்தமாக இருந்தது, போட்டோ எடுத்து எடுத்து வைத்தேன். இப்போது எடுப்பதில்லை. வாசல் கோலத்தை எறும்பு தின்றதற்கு என் அம்மா என்றைக்காவது வருத்தப்பட்டிருக்கிறாளா?

பாட்டி 1998இல் இறந்துபோனாள். கண் மங்கி ஆர்டர் வேலையை விட்ட பிறகு நாலைந்து வருஷம் இருந்தாள். சாமான்களை ஒதுக்கும்போது டிரங்குப் பெட்டிக்குள் பழைய சேலையில் சுற்றி ஒரு மேசைவிரிப்பு கிடைத்தது, பாதிதான் போட்டிருந்தாள். ஆர்டருக்கு வெள்ளை நூல் மட்டும்தான் வரும். இது கத்தரிப்பூ நிறம். எந்த ஏஜென்ட் கொடுத்த மாதிரியும் இல்லை. ஒரு மூலையில் அன்னாசிப் பூ, அது பாதியில் நின்று மீன்செதில், பிறகு எனக்குப் பெயர் தெரியாத என்னவோ ஒன்று, நடுவில் ஒரு வரிசை வேண்டுமென்றே தப்பாகப் போட்டது போலக்கூட இருக்கிறது. நூலைக் கடையில் போய் யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. கடைசிக் கண்ணி அவிழ்ந்துவிடாமல் அதில் ஓர் ஊக்கு மாட்டி வைத்திருந்தாள்.

நான் அதைத் தொடர்ந்து போடப் பார்த்தேன். முடியவில்லை. என் கை இறுக்கம், அவளுடையது தளர்ச்சி. நாலு கண்ணி போட்டதுமே துணி சுருங்கி இழுத்தது. போட்ட நாலையும் பிரித்துவிட்டு, கண்ணியில் அதே ஊக்கைத் திரும்ப மாட்டினேன். ஹாலில் சின்ன மேசைமேல் அதை விரித்திருக்கிறேன், பாதி மேசைக்குத்தான் வரும்.

அன்றைக்குக் கேக் ஃபிரிட்ஜில் இறுகுகிற வரைக்கும் அக்கா ஹாலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தபோது கத்தரிப்பூ விரிப்பின் ஓரத்தைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒங்க பாட்டி போட்டதா? என்னா வேலைப்பாடு! இந்தக் காலத்துல இதெல்லாம்..." என்று ஆரம்பித்தவரின் விரல் ஓரத்திலேயே நகர்ந்து ஊக்குக்கு வந்து நின்றது. "இது எதுக்குக் குத்திக் கெடக்கு?"

"அதக் கழத்திராதீங்க, அக்கா" என்றேன்.