மண்சரிவும் மறைநூலும்



மழைக் காலத்தில் எங்காவது ஒரு மலை சரிந்து சில குடும்பங்கள் மண்ணுக்குள் போய்விட்டால், செத்த வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவராவது வேதாகமத்தைத் திறந்துவிடுவார். நோவா காலத்து வெள்ளத்தையும் சோதோம் எரிந்ததையும் காட்டி, "பாவத்துக்குத் தண்டனை. நான் சொல்லவில்லை, எழுதியிருக்கிறது" என்பார். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் புதையுண்டதை நம் ஊவா மக்கள் மறக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இப்படிச் சொல்லலாமா? வேதாகமம் அப்படித்தான் சொல்கிறதா?

எழுதியிருப்பது உண்மை. ஆனால் அது எவ்வகை எழுத்து என்று முதலில் கேட்க வேண்டும். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1943இல் வெளியிட்ட சுற்றுமடலிலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏட்டிலும் திருச்சபை காட்டிய வழி இதுவே. இறைவன் மனிதரைக் கொண்டு மனிதர் பேசும் முறையில் பேசினார். ஆகவே எழுதியவர் எதைச் சொல்லக் கருதினார், தம் காலத்தில் வழங்கிய எந்த இலக்கிய வகையில் சொன்னார் என்று ஆராய வேண்டும். ஒரு வசனத்தைத் தனியே பிய்த்தெடுக்காமல் மறைநூல் முழுவதோடும் சேர்த்துப் பார்க்கவும் வேண்டும்.

இது பண்டிதர்களின் வித்தை என்று எண்ணாதீர்கள். எழுத்தறியாத நம் தோட்டத்துப் பாட்டிமாருக்கும் இது தெரியும். பிரட்டில் பெயர் கூப்பிடுவது ஒரு பேச்சு, தாலாட்டு ஒரு பேச்சு, ஒப்பாரி இன்னொன்று. மகனை இழந்தவள் ஒப்பாரியில் ஆண்டவனையே ஏசுவாள். அதைக் கேட்டு அவளுக்கு விசுவாசம் போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களின் 137ஆம் சங்கீதம், பகைவரின் குழந்தைகளைப் பாறையில் மோதுகிறவனை வாழ்த்தி முடிகிறது. கட்டளையாக வாசித்தால் கொடுமை. ஒப்பாரியாக வாசித்தால், நொந்த நெஞ்சம் தன் ஆத்திரத்தை ஒளிக்காமல் கடவுள் முன் கொட்டுவது புரியும்.

நோவாவுக்கு வருவோம். பெருவெள்ளக் கதை மெசொப்பொத்தேமியாவில் முன்னமே வழங்கியது. அங்குள்ள ஒரு கதையில், மனிதரின் இரைச்சல் தாங்காமல் தேவர்கள் வெள்ளத்தை அனுப்புகிறார்கள். வேதாகம ஆசிரியரோ, மனிதர் ஒருவருக்கொருவர் செய்யும் கொடுமையே இறைவனை வருத்துகிறது என்று போதிக்க வெள்ளக் கதையை எடுத்துக்கொண்டார். ஆதியாகமம் 6ஆம் அதிகாரம் விலங்குகளில் ஒவ்வொரு சோடி என்கிறது. 7ஆம் அதிகாரம் சுத்தமானவற்றில் ஏழு சோடி என்கிறது. மழைக்கணக்கு எழுத வந்தவர் இரண்டையும் இப்படி விட்டுவைப்பாரா? கதையின் முடிவில் நிற்பது வானவில். இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்ற வாக்குறுதி. அதை மறைத்து நடுப்பகுதியை மட்டும் செத்த வீட்டில் வாசிப்பது நியாயமல்ல.

யோபுவின் நண்பர்களும் துன்பம் பாவத்தின் கூலி என்றே வாதித்தார்கள். அவர்கள் பேச்சும் வேதாகமத்தில்தான் எழுதியிருக்கிறது! கடைசி அதிகாரத்தில் இறைவன், அவர்கள் தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கண்டிக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதைப் பற்றி, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று ஆண்டவர் இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் தந்தார். மனந்திரும்பச் சொன்னது, கேட்டுக்கொண்டு நின்றவர்களை.

அப்படியானால் ஆண்டவர் உயிர்த்ததும் கதைதானா என்பீர்கள். இல்லை. லூக்கா தம் முதல் வரிகளிலேயே, கண்ணால் கண்டவர்களின் வழிவந்ததை விசாரித்து எழுதுவதாகக் கூறுகிறார். உயிர்த்தவரைக் கண்டவர்களைப் பவுல் பெயர் குறித்துச் சொல்கிறார். சாட்சியம் வேறு, உவமை வேறு.

சட்டமும் ஒரு வகை எழுத்து. புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் விழுந்து சாகிறவனின் இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும் என்கிறது உபாகமம் (22:8). அந்நாட்டில் மக்கள் மொட்டை மாடியில் உலாவினார்கள், உறங்கினார்கள். நம் லயங்களுக்கோ தகரக் கூரை. எழுத்தின்படி வாசித்தால் இவ்வசனத்தில் நமக்கு ஒன்றுமில்லை. கருத்தறிந்து வாசித்தால், குடியிருப்போரின் உயிருக்கு வீட்டைக் கட்டியவன் பொறுப்பு என்கிறது. மீரியபெத்தையில் ஆபத்து உண்டு என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த மக்களுக்கோ, எழுந்து போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. லயம் கட்டுகிறவர்களும் காணி பங்கிடுகிறவர்களும் திறந்து வாசிக்க வேண்டிய பக்கம் இது.

இவ்வாரக் குடும்பச் செபத்தில் லூக்கா 13ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஐந்தாம் வசனத்தோடு நிறுத்தாமல் ஒன்பது வரை போங்கள். நடந்த செய்தி எங்கே முடிகிறது, உவமை எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.