கைதிக்கு நாம் செலுத்த வேண்டிய இரு கடன்கள்



மரண தண்டனை பெற்றுச் சிறையில் நாள் எண்ணிக் கொண்டிருக்கும் ஒருவனைப் பற்றிப் பேச்செழுந்தால், "செய்தவன் அனுபவிக்கிறான், நமக்கென்ன?" என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறோம். அவன் மனைவி மக்கள் நம் தெருவிலேயே வசித்தாலும் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூசுகிறோம். ஆனால் அருள்மறையாம் திருக்குர்ஆனோ சிறைப்பட்டவனை மறந்து விடவில்லை. ஏழை, அநாதை ஆகியோருடன் அவனையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறது (76:8). அவனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்கள் இரண்டு. ஒன்று நீதம். மற்றொன்று இரக்கம்.

யூஸுஃப் நபி கேட்டது என்ன?

செய்யாத குற்றத்திற்காகப் பல ஆண்டுகள் சிறையில் வாடியவர்கள் ஹளரத் யூஸுஃப் (அலை) அவர்கள். சிறைக்குள் இருந்தபோதும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. உடனிருந்த கைதிகளுக்குத் தவ்ஹீதை எடுத்துரைத்தார்கள். கனவுக்கு விளக்கம் கூறினார்கள். அக்கைதிகளே அவர்களை நன்மை செய்பவர் என்று கண்டு கொண்டார்கள். பின்னர் அரசன் ஆளனுப்பி அழைத்தபோது, கதவு திறந்ததே போதுமென்று அவர்கள் ஓடி வரவில்லை. தம் கைகளை வெட்டிக் கொண்ட அப்பெண்களின் விஷயம் என்னவென்று முதலில் விசாரிக்கும்படித் தூதரைத் திருப்பி அனுப்பினார்கள் (12:50). விடுதலைக்கு முன் நீதத்தைக் கேட்டார்கள். ஆகவே, சிறைக்குள்ளிருந்து ஒருவன் "என் வழக்கை மீண்டும் விசாரியுங்கள்" என்று கேட்டால், அதை வெறும் பிதற்றல் என்று தள்ளி விடுவது நமக்குத் தகாது.

மாவு சிந்திய பாதை

மதீனாவில் நடந்த ஒரு சம்பவத்தைத் தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. துஃமா இப்னு உபைரிக் என்பவன் பக்கத்து வீட்டுக் கவசத்தைத் திருடினான். அது இருந்த மாவுப் பையில் ஓட்டை இருந்ததால் வழியெல்லாம் மாவு சிந்தியது. அவன் அக்கவசத்தை ஒரு யூதரிடம் கொண்டு போய் வைத்து விட்டு, திருட்டுப் பழியை அவர்மீதே சுமத்தினான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து தம் ஆளுக்காக வாதாடினர். பொருளும் யூதரிடமே இருந்தது. வெளித்தோற்றத்தில் எல்லாம் அவருக்கு எதிராகவே நின்றன.

அந்த நேரத்தில் அன்னிஸா அத்தியாயத்தின் 105 முதலான வசனங்கள் இறங்கின. மோசடிக்காரர்களுக்காக வாதாடக் கூடாதென்றும், தான் செய்த பாவத்தை நிரபராதியின் தலையில் போடுபவன் பகிரங்கமான அவதூற்றைச் சுமக்கிறான் என்றும் அல்லாஹ் அறிவித்து விட்டான். யூதர் காப்பாற்றப்பட்டார். சிந்தித்துப் பாருங்கள். முஸ்லிமென்று சொல்லிக் கொண்டவனுக்கு எதிராகவும், முஸ்லிமல்லாத ஒருவருக்குச் சாதகமாகவும் வஹீ இறங்கியது. நீதம் பெற ஒருவன் நம்மவனாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மிசௌரியில் ஒரு வழக்கு

நம் காலத்தில் நடந்ததைப் பார்ப்போம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், 1998 ஆகஸ்டில், முன்னாள் பத்திரிகை நிருபரான ஒரு பெண்மணி தம் வீட்டிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். மாபாதகமான கொலை. இவ்வழக்கில் மார்ஸெல்லஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவருக்கு 2001-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிறையில் இஸ்லாத்தைத் தழுவிய அவர், கலீஃபா என்ற பெயரைச் சூட்டிக் கொண்டு, சக முஸ்லிம் கைதிகளுக்கு இமாமாகப் பணி செய்தார். கவிதைகளும் எழுதினார். தாம் நிரபராதி என்றே கடைசிவரை கூறி வந்தார்.

அவர் அப்பழுக்கற்றவர் என்று நாம் வாதாட வரவில்லை. கொள்ளைக் குற்றங்களுக்காக முன்பே தண்டனை பெற்றவர் அவர். கொலையுண்டவரின் பொருட்கள் சில அவருடைய காரில் கிடைத்தன. அவ்வீட்டு மடிக்கணினியையும் அவர் விற்றிருந்தார். இது அரசுத் தரப்பின் பலம். மறுபக்கம், சம்பவ இடத்தில் கிடைத்த காலடித் தடமும் ரோமமும் அவருடையவையாக இல்லை. முக்கியச் சாட்சிகள் இருவரில் ஒருவர் சிறையில் உடனிருந்தவர். மற்றவர் அவருடைய முன்னாள் தோழி. துப்புக் கொடுப்போருக்கு வெகுமதியும் அறிவிக்கப்பட்டிருந்தது. தீர்ப்புச் சொன்ன பன்னிரண்டு ஜூரிகளில் ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவர்.

2015-லும் 2017-லும் தண்டனை நிறைவேற்றம் கடைசி வேளையில் நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரியில், அவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்த அதே மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமே தீர்ப்பை ரத்துச் செய்யும்படி மனுச் செய்தது. கத்தியிலுள்ள மரபணு உண்மையைச் சொல்லும் என்று எதிர்பார்த்தனர். அரசுத் தரப்பினர் முன்பு கையுறையின்றிக் கத்தியைத் தொட்டதால் அவர்களுடைய மரபணுவே அதில் படிந்திருந்ததென்று அவ்வாண்டு ஆகஸ்டில் தெரிய வந்தது. அந்த வாசலும் அடைபட்டது. மரணத்துக்குப் பதிலாக ஆயுள் தண்டனை என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கொலையுண்டவரின் குடும்பத்தாரும் அவரைக் கொல்ல வேண்டாமென்றே கூறினர். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அதை எதிர்த்தார். உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் நிறுத்தச் சொல்லியும், ஆறு பேர் மறுத்து விட்டனர். 2024 செப்டம்பர் 24 அன்று, 55-ஆம் வயதில், விஷ ஊசி மூலம் அவர் உயிர் போக்கப்பட்டது. எந்த நிலையிலும் புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே என்பதுதான் அவர் எழுதி வைத்த இறுதி வாக்கு.

உண்மையை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் நம் ஷரீஅத்தின் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். சந்தேகம் நுழைந்தால் ஹத்துத் தண்டனை விலகும் என்பது ஃபுகஹாக்களின் ஒருமித்த விதி. கிஸாஸிலும் சந்தேகத்தின் பலன் எதிரிக்கே. வாரிசுதாரர்களில் ஒருவர் மன்னித்து விட்டாலும் பழிக்குப் பழி வாங்கும் உரிமை விழுந்து விடும் என்பதே ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம். கிஸாஸை விதித்த அதே வசனம், கொல்லப்பட்டவரின் வாரிசைக் கொலையாளிக்குச் சகோதரன் என்றே குறிப்பிட்டு, மன்னிப்பின் வாசலைத் திறந்து வைக்கிறது (2:178). "இஸ்லாமியச் சட்டம் கொடியது" என்று பேசுவோர், இரத்த உரிமையுள்ள குடும்பத்தார் வேண்டாமென்ற பிறகும் உயிரை எடுத்தது எந்தச் சட்டம் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

பத்ருக் கைதிகளின் ரொட்டி

இனி இரக்கம். பத்ருப் போரில் பிடிபட்டவர்கள் யார்? முஸ்லிம்களைக் கொல்ல வாளேந்தி வந்தவர்கள். அவர்களை நல்ல முறையில் நடத்தும்படி கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அக்கைதிகளில் ஒருவர் அபூஅஸீஸ். ஹளரத் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் சகோதரர். அன்ஸாரிகள் அருமையாகக் கிடைத்த ரொட்டியைத் தமக்குக் கொடுத்து விட்டு, தாங்கள் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக் கொண்டார்கள் என்று அவரே பின்னாளில் அறிவித்திருக்கிறார். பசித்தவனுக்கு உணவளிப்பதோடும் நோயாளியை விசாரிப்பதோடும் கைதியை விடுவிப்பதையும் சேர்த்தே நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாக புகாரீ ஷரீஃபில் வருகிறது. ஆகவே இரக்கம் பெற ஒருவன் குற்றமற்றவனாக இருக்க வேண்டியதில்லை.

கோழிக்கோட்டின் தர்மம்

இந்த இரக்கம் ஓர் உயிரைக் காத்ததையும் நம் காலம் கண்டது. கேரளத்தின் கோழிக்கோட்டைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் 2006-ல் சவூதித் தலைநகர் ரியாதுக்கு வேலைக்குப் போனார். கருவியின் துணையால் உயிர் வாழ்ந்த, நடமாட இயலாத சிறுவன் ஒருவனைக் காரில் அழைத்துச் செல்லுகையில், கைபட்டு அக்கருவியின் இணைப்பு விலகி, சிறுவன் மரணமடைந்தான். கைதவறி நடந்தது என்று அவர் கூறியும், மரண தண்டனை விதிக்கப்பட்டது. பெற்ற வயிறு எரிந்த அக்குடும்பத்தார் நெடுங்காலம் மன்னிக்கவில்லை. முடிவில் 1.5 கோடி ரியால் நஷ்டஈட்டுக்கு இணங்கினர். நம் நாணயத்தில் சுமார் 34 கோடி ரூபாய்!

அந்த ஏழைத் தாய் எங்கே போவார்? ஊர் கை கொடுத்தது. முஸ்லிம்கள் மட்டுமா? ஹிந்துக்களும் கிறிஸ்தவர்களும் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில், ரமளானின் நன்மைகளோடு, முழுத் தொகையும் சேர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் மரண தண்டனை ரத்தாயிற்று. 2025-ல் நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பளித்து, கழித்த ஆண்டுகளையும் அதில் சேர்த்துக் கொண்டது. தவறுதலாக நேர்ந்த கொலைக்குரிய தியத்தைக் கொன்றவன்மீது மட்டும் சுமத்தாமல், ஆகிலா எனப்படும் அவன் குலத்தாரின் தோளிலும் பகிர்ந்து வைத்தது நம் ஷரீஅத். அந்தப் பண்பு ஓர் ஊருக்கே பரந்து விரிந்ததை அங்கே கண்டோம்.

நம் மஹல்லாவில்

பெருந்தொகை திரட்டும் நேரம் எப்போதும் வருவதில்லை. ஆனால் நம் நாட்டுச் சிறைகளில் இருந்தோரில், 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நால்வரில் மூவர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு கிடைத்தும், பணம் கட்ட வழியின்றியோ ஜாமீன் நிற்க ஆளின்றியோ உள்ளேயே கிடக்கும் ஏழைகள் உண்டு. காவலில் இருப்பவருக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டமே வகை செய்கிறது. மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இதை அறியாத குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லி, ஒருநாள் வேலையை விட்டு உடன் போய் வருவதும் ஸதகாவே.

கைதியின் வீட்டில் உலை எரிகிறதா என்று பாருங்கள். அவன் மனைவியும் மக்களும் ஃபகீர், மிஸ்கீன் என்ற நிலையில் இருந்தால் ஜகாத்துக்கு உரியவர்களே. தந்தை செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்காகப் பிள்ளையை மதரஸாவில் யாரும் ஏளனம் செய்ய விடாதீர்கள். ஒருவர் பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை என்பது குர்ஆனின் தீர்ப்பல்லவா? அதே வேளை, கொலையுண்டவரின் வீட்டையும் மறவாதீர்கள். அங்கே போய் ஆறுதல் கூறாதவருக்கு, மன்னிப்பைப் பற்றி அவர்களிடம் பேச வாயில்லை.

வல்ல நாயன், நிரபராதிகளின் விலங்கை அவிழ்ப்பானாக! குற்றம் செய்தோருக்குத் தௌபாவின் வாசலைத் திறப்பானாக! பறிகொடுத்த உள்ளங்களுக்கு அழகிய பொறுமையைத் தருவானாக! நீதத்திலும் இரக்கத்திலும் நம்மை நிலைநிறுத்துவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.