ஆறு வார ஓய்வும் ஒரு கையெழுத்தும்

பிள்ளைப்பேற்றாலோ எடை வெகுவாகக் குறைந்ததாலோ தொங்கிப்போன வயிற்றுத் தோலை வெட்டி நீக்கி, விலகிய நடுவயிற்றுத் தசைகளை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சைக்கு அப்டோமினோபிளாஸ்டி என்று பெயர். பேச்சுவழக்கில் ‘டம்மி டக்’. எடையைக் குறைப்பதற்கான சிகிச்சை அல்ல இது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அந்தத் தழும்புக்கு மேல் சதை மடிந்து நிற்பது தாய்மார் பலருக்குப் பழகிய குறை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் இவர்களில் உண்டு.

‘பெத்தவளுக்கு எதுக்கு இந்த ஆசை?’ என்பதே வீட்டில் எழும் முதல் எதிர்ப்பு. இந்தக் கேள்வி நியாயமானதல்ல. மடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணாகும். தசை விலகியதால் முதுகும் வலிக்கலாம். அப்படி எதுவும் இல்லாமல் தோற்றத்துக்காக மட்டுமே ஒருத்தி விரும்பினாலும் உடல் அவளுடையது. 2018-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பக அழகுச் சிகிச்சையை இலவசமாக்கியபோது, ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் மறுக்கப்பட வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது. உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது தேவையா என்றனர் எதிர்த்தவர்கள். பொதுப்பணத்தைப் பொறுத்தவரை அந்த எதிர்ப்பில் வலு உண்டு. சொந்தப் பணத்தில் செய்துகொள்பவளை அதைச் சொல்லித் தடுக்க முடியாது.

அடுத்தது உயிர்ப்பயம். 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார். அது வேறு வகைச் சிகிச்சை என்றாலும் அச்சம் இதையும் தொட்டது. டம்மி டக்கில் மரணம் அரிது. ஆனால் காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று அடைக்கக்கூடும். தோலடியில் நீர் சேரலாம். காயத்தில் சீழ் பிடிக்கலாம். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும். இடுப்பின் ஒருபுறமிருந்து மறுபுறம்வரை ஓடும் தழும்பு மங்கும், மறையாது.

நோயாளி இவற்றை முன்பே அறிந்திருக்க வேண்டும். சிகிச்சையின் தன்மை, மாற்றுவழி, ஆபத்து ஆகியவற்றைப் போதிய அளவு எடுத்துச் சொல்லிப் பெறுவதே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ‘ஆறு வாரம் கனமான வேலை வேண்டாம்’ என்று சம்மதப் படிவத்தில் அச்சிட்டால் அந்தக் கடமை நிறைவேறிவிடுமா? முதல் சில நாட்கள் நீர் வடியும் குழாயோடு, கூன் போட்டபடிதான் நடக்க முடியும். முழங்காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். ஹாஸ்டலில் மேல்கட்டிலில் ஏறிப் படுப்பவளுக்கு, எட்டு மணி நேரம் லைனில் நிற்பவளுக்கு, கைக்குழந்தையைத் தூக்க வேண்டியவளுக்கு அந்த ஒற்றை வரி போதாது. எந்த வாரம் எந்த வேலைக்குத் திரும்பலாம், அதுவரை சம்பளம் எவ்வளவு பிடிக்கப்படும், குழந்தையை யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் அவளோடு உட்கார்ந்து கணக்குப் போடாமல் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்வதற்கில்லை.

அழகுக்காக மட்டும் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைப்பதில்லை. தவணைக் கடனில் செய்துகொள்பவர்களும் உண்டு. ஓவர்டைம் பணத்தை நம்பித் தவணை கட்ட நினைப்பவள், ஓய்வில் இருக்கும் வாரங்களில் அந்த ஓவர்டைமும் இல்லை என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மறுபிள்ளை வேண்டும் என்பவளுக்கு வயிறு மீண்டும் விரியும். பிள்ளை பெற்ற பிறகு வரச் சொல்வதே முறை. ‘சரி’ என்றால் மட்டுமே வருமானம் பெறும் மருத்துவர் இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். முதல் ஆலோசனை நடந்த அன்றே முன்பணம் வாங்காமல், வீட்டுக்குப் போய் யோசிக்கச் சில வாரங்களாவது விட வேண்டும்.