தோணியும் கொக்கும்

மட்டக்களப்பு வாவிக்கரைச் சிறுவர்க்குச் சித்திரத்தின் சமநிலையைப் போதிக்க விழையும் ஆசிரியர், தாளொன்றை நடுவே மடிப்பித்து, ஒரு பாதியில் ஈர வர்ணத்தால் கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களைத் தீட்டச் செய்து, மறு பாதியை அதன்மேல் அழுத்தி விரிப்பாராயின், நீரிற் கவிழ்ந்த பாலம் தானே தோன்றக் கண்டு அவர்கள் கொள்ளும் ஆனந்தம் சொல்லுந்தரமன்று. ஆயினும் இஃது ஆரம்பப் பாடமே.

அடுத்து, நீலத்தாளின் நடுவையொட்டி இடப்புறத்தே கறுப்புக் காகிதத்தில் வெட்டிய பெருந்தோணியை ஒட்டுவித்து, வலப்புற வெறுமையிலே சிறு வெண்கொக்கொன்றை விரலால் நகர்த்திப் பார்க்கச் சொல்லல் வேண்டும். தோணியை அது நெருங்கினால் படம் இடப்புறம் சாய்ந்ததாகத் தோன்றுகிறது. ஓரத்தை அணுக அணுக, கிணற்றுத் துலாவின் குட்டைப்புறத்துப் பாரக் கல்லை நீள்புறத்துச் சிறு வாளி ஈடுசெய்வதுபோல, அச்சிறு பட்சி தோணி முழுவதையும் ஈடுசெய்து நிறுத்துகிறது. அதன் வெண்மையும் இதற்குத் துணை. எவ்விடம் பொருந்துமென்று ஆசிரியர் சொல்லலாகாது; குழந்தையின் கண்ணே தீர்மானிக்கட்டும்.

இசைக்கும் நாடகத்துக்கும் ஆராய்ச்சி நூல்கள் தந்த விபுலாநந்த அடிகள் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்த இப்பிரதேசத்தில், சித்திர பாடவேளையைப் பரீட்சைப் பாடங்களுக்குத் தாரைவார்த்தல் தகாது. அதற்கு வேண்டுவன சில வர்ணத் தாள்களும் ஒரு கத்தரிக்கோலுமே.